சின்னம்மாவுக்கு எடுத்த கோடிச்சேலை

எங்கள் முதலாளியிடம் செத்தவீட்டுக்கு லீவு கேட்டால் மறுபேச்சே இருக்காது. காய்ச்சல் என்றால் முகத்தைச் சுழிப்பார். பல்லுக்கொதி என்றால் கராம்பை வைத்துக் கடிக்கச் சொல்லுவார். செத்தவீடு என்றால் மட்டும் காதில் இருக்கிற போனையும் இறக்கிவிட்டு, "ஆர் பிள்ளை? எப்ப? எத்தினை வயசு?" என்று கேட்டுத் தலையை ஆட்டி, "போ, போ. எட்டு முடிச்சிட்டு வா" என்பார். எட்டு என்றால் எட்டாம் நாள் செலவு, செத்தவருக்குப் படைக்கிற சடங்கு. அவர் போகாத செத்தவீடு ஊரில் இல்லை. நல்ல மனிதர் யார் என்று கேட்டால் சனம் அவரைத்தான் காட்டும். நானும் அப்படித்தான் சொல்லுவேன், அதனால்தான் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு கெட்ட மனிதனிடம் பொய் சொல்லியிருந்தால் அதில் கொஞ்சம் வீரமாவது இருந்திருக்கும்.

நான் வேலைக்கு நின்றது கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் இருந்த ஒரு புடவைக்கடையில். தர்மபுரத்திலிருந்து ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வந்துபோவேன். விற்பனைக்கு ஆறு பெண்கள். காலை எட்டரையிலிருந்து பின்னேரம் ஆறரை வரை நின்றபடிதான் வேலை. மத்தியானம் மட்டும் பின்னறையில் காட்போட் பெட்டிகளின்மேல் இருந்து சாப்பிடலாம். வேலைசெய்கிற பிள்ளைகள் குந்தியிருப்பதைக் கண்டால் சனம் உள்ளே வராது என்பது முதலாளியின் நம்பிக்கை. கடைக்குள் சிவப்பு மெத்தை வைத்த கதிரைகள் நான்கு இருந்தன. அவை சேலை எடுக்க வருகிறவர்களுக்கு.

எனக்கு மாதவிலக்கு மற்றவர்களுக்கு வருவதுபோல் வருவதில்லை. பத்து, பன்னிரண்டு நாள் நிற்கும். முதல் நான்கு நாளும் தோய்த்த சேலையை இரண்டு பேர் பிடித்துப் பிழிவதுபோல அடிவயிறு முறுக்கும், நோ தொடைவரை இறங்கும். கல்யாணம் கட்டினால் சரிவரும் என்று அம்மா சொன்னார், அயல் சொன்னது, ஒரு டொக்டரும் சொன்னார். முப்பத்தொரு வயதில்தான் வவுனியாவில் ஒரு டொக்டர் அம்மா ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு அதற்கு ஒரு பெயர் சொன்னார். என்டோமெற்றியோசிஸ். கருப்பைக்கு உள்ளே வளரவேண்டிய சதை வெளியே வளர்ந்து, மாதாமாதம் அதுவும் இரத்தம் விடுமாம். சூலகத்தில் கட்டியும் இருந்தது. உள்ளே பழைய இரத்தம் கறுத்துக் கிடப்பதால் அதைச் 'சொக்லேட் கட்டி' என்பார்களாம். கேட்டதும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் சொக்லேட் தொட்டதில்லை.

பெயர் தெரிந்துவிட்டால் பாதி சுகம் என்று நினைத்தேன். பெயரை வைத்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்க ஒரு கூட்டம் வந்தது. எனக்கு அன்று மூன்றாம் நாள். இரண்டு குளிசையைப் போட்டுக்கொண்டு, மூன்று மணித்தியாலம் அவிழ்த்தும் மடித்தும் காட்டினேன். அவர்கள் எழும்பிப் போனதும் கண் இருட்டியது. பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்துவிட்டேன். இரண்டு நிமிடம்தான் இருக்கும். எழும்பினால் மெத்தையில் ஈரம். சிவப்பு மெத்தையில் சிவப்புத் தெரியாது என்று நினைத்தேன். நன்றாகத் தெரிந்தது.

முதலாளி ஏசவில்லை. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா..." என்று மட்டும் சொல்லிவிட்டு, கதிரையை வெளியே எடுத்து மஞ்சள் கரைத்த தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார். கழுவியது நான்தான். உடுப்புக்குப் பின்னால் ஒரு சால்வையைக் கட்டிக்கொண்டு கடை வாசலில் குனிந்து நின்று கழுவினேன், பஸ்ஸுக்கு நின்ற சனம் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த மெத்தை காய மூன்று நாள் எடுத்தது. மூன்று நாளும் அந்தக் கதிரை வாசல் வெயிலில் கிடந்தது. வந்தவர் போனவர் எல்லாரும் ஏன் என்று கேட்டார்கள்.

அடுத்த கிழமை துணிவை வரவழைத்துக்கொண்டு கிளினிக் கொப்பியை அவரிடம் கொண்டுபோனேன். "ஐயா, எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. அந்த நாளையில கொஞ்சம் இருந்து வேலைசெய்ய விட்டீங்கள் எண்டால்..." என்று தொடங்கினேன். அவர் கொப்பியைப் புரட்டினார்.

"எல்லாப் பொம்பிளையளுக்கும் வாறதுதானே பிள்ளை. மற்றப் பிள்ளையள் நிக்கேல்லையே? என்ர மனுசி மூண்டு பெத்தவா. ஒருநாள் எண்டு படுத்ததில்லை."

பெண்களின் காரியம் பெண்ணுக்குத்தான் விளங்கும் என்று கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார். அதில் கெட்ட எண்ணம் இல்லை. அவரின் மனைவியும் கெட்ட எண்ணமில்லாமல் கோயிலில் இரண்டு பேரிடம் சொல்லிப் பரிதாபப்பட்டார். அதே மாதம் வட்டக்கச்சிப் பக்கமிருந்து எனக்குப் பேசிவந்த சம்பந்தம் நின்றுபோனது. "பிள்ளைக்குக் கர்ப்பப்பையில கட்டியாமே?" என்று தரகர் படலைக்கு வெளியே நின்றபடியே அம்மாவிடம் கேட்டாராம்.

"இனி உன்ர வருத்தத்தை ஒரு சீவனுக்கும் சொல்லிப்போடாத" என்றார் அம்மா. சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் என் சொந்தக்காரர் சாகத் தொடங்கினார்கள்.

முதலில், ஏற்கெனவே செத்தவர்களைத்தான் சாகடித்தேன். முதலாளி வரமுடியாத தூரத்து ஊர்களில் எப்போதோ போய்ச்சேர்ந்த பெரியப்பா ஒருவர், அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர். அதில் பாவம் குறைவு என்று எனக்குள் ஒரு நியாயம். ஒவ்வொரு சாவுக்கும் இரண்டு நாள் லீவு கிடைத்தது. வீட்டில் சுடுதண்ணீர்ப் போத்தலை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். வேலைக்குத் திரும்பும்போது முதலாளி, "மனதைத் தேற்று பிள்ளை" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்ளுவேன். கவலை என்று அவர் நினைத்துக்கொள்ளுவார்.

பிறகு ஒப்பரேசனுக்கு நாள் கிடைத்தது. கட்டி பெருத்துவிட்டது, இனிப் பிந்தக்கூடாது என்று டொக்டர் அம்மா சொல்லிவிட்டார். குறைந்தது ஒரு கிழமை லீவு வேண்டும். உண்மையைச் சொன்னால் வேலை போகும், இல்லாவிட்டால் கதை மறுபடி கோயிலடிக்குப் போகும். செத்தவர்களோ முடிந்துபோனார்கள். அதோடு எட்டு நாள் லீவுக்கு நெருங்கிய சாவு வேண்டும். அம்மாவைச் சொல்ல வாய் வரவில்லை. சின்னம்மாவைச் சொல்ல வந்தது. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

சின்னம்மா அம்மாவின் தங்கை. ஒட்டுசுட்டானில் தனியாக இருக்கிறார். புருசன் இல்லை, பிள்ளைகள் இல்லை. கோழிகளும், யானை விட்டுவைத்த கொஞ்ச வாழையும்தான். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது என்பதால், ஆஸ்பத்திரியில் என்னோடு வந்து நிற்க ஒத்துக்கொண்டவரும் அவர்தான்.

"ஒட்டுசுட்டானில சின்னம்மா மோசம் போட்டா ஐயா. இண்டைக்கே எடுக்கினம். தூரம்... நீங்கள் கஸ்ரப்பட வேண்டாம்" என்றேன் ஒரு புதன்கிழமை காலை.

முதலாளி போனை இறக்கினார். எப்ப, எத்தனை வயது என்று கேட்டார். பிறகு, "புருசன் இருக்கிறாரோ?" என்றார். இல்லை என்றேன். அவர் எழும்பித் தட்டுக்குப் போய், வெள்ளையில் நீலக்கரை போட்ட சேலையொன்றை இழுத்து, தானே தாளில் சுற்றி என்னிடம் நீட்டினார். "நீ மகள் முறை. வெறுங்கையோட போகாத. என்ர பேராலயும் சேர்த்துக் கோடியாப் போட்டுவிடு."

செத்தவருக்கு இனசனம் கடைசியாகப் போடுகிற புதுத்துணிதான் கோடி. அதைச் சின்னம்மாவுக்கென்று என் இரண்டு கையாலும் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் அடித்தட்டில், பழைய துணிகளுக்குக் கீழே வைத்தேன். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அன்று பின்னேரம் வவுனியாவுக்குப் போனேன். வார்ட் வாசலில் செத்த சின்னம்மா ஒரு பாயும் சுடுதண்ணீர்ப் போத்தலும் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஒப்பரேசன் நடந்தது. வயிற்றில் மூன்று சின்ன ஓட்டை, உள்ளே என்னென்னவோ வெட்டினார்கள். கண் விழித்தபோது சின்னம்மா தலைமாட்டில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைத் துடைத்தார், துணி மாற்றினார், சட்டி பிடித்தார். ஒரு தடவையும் முகம் சுழிக்கவில்லை.

"அயலுக்கு என்ன சொல்லிப்போட்டு வந்தனீங்கள்?" என்று கேட்டேன். எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

"எனக்குத்தான் வயித்துக்குள்ள ஒரு கட்டி, வெட்டப்போறன் எண்டு சொன்னனான். நீ உன்ர பேரைச் சொல்லவேண்டாம் எண்டனீயெல்லே. வேற என்னத்தைச் சொல்லுறது?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கம் வரவேண்டிய இடத்தில் நிம்மதி வந்தது. சின்னம்மாவின் சின்னப் போன் சார்ஜ் இல்லாமல் நின்றுவிட்டது. கடையிலிருந்து யாரும் எடுத்துவிடுவார்களோ என்று என்னுடையதை நானே நிறுத்திவைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஒரு கிழமையாவது தன்னுடன் வந்து கிட என்று சின்னம்மா கூட்டிக்கொண்டு போனார். பின்னேரம் நாலு மணிபோல ஒட்டுசுட்டானில் பஸ்ஸால் இறங்கினோம். சின்னம்மா வீட்டுக்குப் போகிற ஒழுங்கைத் தொடக்கத்தில் ஒரு தடியில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது.

"ஐயோ, ஆரோ மோசம் போட்டினமடி எங்கட ஒழுங்கையில" என்று சின்னம்மா பையைத் தூக்கிக்கொண்டு எட்டி நடந்தார். நான் வயிற்றைப் பிடித்தபடி பின்னால் போனேன். கொடிகள் ஒவ்வொரு வேலியாகப் போய் சின்னம்மாவின் படலையில் முடிந்தன. முற்றத்தில் தறப்பாள் கட்டி, அதற்குக் கீழே பிளாஸ்ரிக் கதிரைகளில் ஆண்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா பூட்டியிருந்த கதவடியில் குந்தி, "எங்களுக்கொரு சொல்லுச் சொல்லாமக் கொண்டுபோய் எரிச்சுப்போட்டாங்களே" என்று குழறிக்கொண்டிருந்தார். முன்வரிசைக் கதிரையில், மடியில் ஒரு பிஸ்கற் பெட்டியோடு, எங்கள் முதலாளி இருந்தார்.

நடந்தது இதுதான். முதலாளிக்கு மனம் கேட்கவில்லை. எட்டுக்கு முன் ஒருக்கால் போய்த் துக்கம் விசாரிக்கவேண்டும் என்று, ஞாயிறு மத்தியானத்தோடு கடையைப் பூட்டிவிட்டு, ஒரு வானில் கடைப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஒட்டுசுட்டானில் ஒவ்வொரு ஒழுங்கையாகச் செத்தவீடு எது என்று கேட்டிருக்கிறார். அப்படி ஒன்றும் இல்லையே என்றிருக்கிறார்கள் அயலவர். புருசன் பிள்ளை இல்லாத அம்மா, கிளிநொச்சியில் பெறாமகள் இருக்கிறாள் என்று இவர் அடையாளம் சொன்னார். அவர்களுக்குத் திக்கென்றது. வயிற்றை வெட்டப்போகிறேன் என்று புதன்கிழமை போன மனுசி. போன் வேலை செய்யவில்லை. செத்த நாளும் புதன்கிழமையாம். அவ்வளவும் போதும். சவத்தை ஊருக்குக் காட்டவில்லையே என்று குழறிக்கொண்டே கொடியும் கட்டி, தேத்தண்ணிக்கு அடுப்பும் மூட்டிவிட்டார்கள்.

சின்னம்மா படலையைத் திறந்தார். தேத்தண்ணித் தட்டு ஒன்று விழுந்தது. குழறிய அக்கா வாயைத் திறந்தபடி அப்படியே இருந்தார்.

செத்தவீட்டில் வந்தவர்களை ஒருவரும் 'வாங்கோ' என்று சொல்லுவதில்லை. தன் முற்றம் நிறைய ஆட்களைக் கண்ட சின்னம்மா பழக்கத்தில், "வாங்கோ, வாங்கோ. இருங்கோ" என்றார். அந்தச் சொல்லோடு செத்தவீடு முடிந்துபோனது. யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

முதலாளி எழும்பினார். சின்னம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிள்ளை... இதென்ன இது?"

நான் வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். வருத்தம் எனக்கு, வெட்டியது என் வயிற்றை, நிற்க ஏலாமல்தான் பொய் சொன்னேன் என்று மூன்று வசனம் போதும். வாசலில் வெயிலில் காய்ந்த அந்தக் கதிரைதான் கண்ணுக்குள் நின்றது.

சின்னம்மா என் முகத்தைப் பார்த்தார். முதலாளியின் கையில் இருந்த பிஸ்கற் பெட்டியைப் பார்த்தார். அவருக்கு ஒருவரும் எதுவும் விளங்கப்படுத்தவில்லை.

"பிள்ளையில பிழையில்லை ஐயா" என்றார். "எனக்குக் கர்ப்பப்பையில கட்டி. வெட்டேக்க செத்துப்போவன், செத்துப்போவன் எண்டு நான்தான் அழுது இவளைப் பயப்பிடுத்தினனான். லீவு கேக்கப் போன இடத்தில பயத்தில மாறிச் சொல்லிப்போட்டாள். இப்ப எடுத்தாச்சு. நல்லா இருக்கிறன்."

அறுபது வயது மனுசி, பதினைந்து இருபது ஆண்கள் இருந்த முற்றத்தில், குரலைக் கொஞ்சமும் பணிக்காமல் கர்ப்பப்பை என்று சொன்னார். என்னால் டொக்டரிடம்கூட அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்ல முடிந்ததில்லை.

முதலாளியின் முகம் இளகியது. "அதைச் சொல்லியிருக்கலாமே பிள்ளை. ஒரு வருத்தக்காரிக்குத் துணை நிக்க லீவு தராமலோ விடுவன்?" என்றார். பிறகு தான் இருந்த கதிரையைத் தூக்கிவந்து சின்னம்மாவின் பின்னால் வைத்தார். "நீங்கள் நிக்கக்கூடாதம்மா. பச்சை உடம்பு. இருங்கோ."

சின்னம்மா இருந்தார். வயிற்றில் கையையும் வைத்துக்கொண்டார். நான் நின்றேன். "வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊத்து பிள்ளை" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நான் போய்க் கேத்தலைத் தூக்கினேன். ஒவ்வொரு தடவை குனியும்போதும் தையல் இழுத்தது. எங்கள் கடையில் மூத்த அக்கா ஒருவர் கோப்பையை வாங்கும்போது என் புறங்கையைப் பார்த்தார். ஊசி ஏற்றிய இடத்தில் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. என் சட்டைக்கையை இழுத்து அதன்மேல் விட்டார். பக்கத்தில் இருந்த முதலாளியும் அதைக் கண்டாரோ என்று எனக்குத் தெரியாது. அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போனபிறகு, அலுமாரியில் ஒளித்த கோடிச்சேலை வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். காலில் விழலாம் என்றால் வயிறு வளையவில்லை. சின்னம்மா கோழிகளுக்கு அரிசி போட்டுக்கொண்டே, "எனக்கெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவ்வளவாவது சொன்னது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

அந்தக் கிழமை முழுதும் அயல் சின்னம்மாவைப் பார்க்க வந்தது. வெட்டின உடம்பு தேறச் சரக்குக் கறி கொண்டுவந்தார்கள், பாரம் தூக்காதே என்றார்கள், இந்த வயதில் உனக்கேன் அந்தச் சாமான் என்று பகிடி விட்டார்கள். எல்லாவற்றையும் அவர் வாங்கிக்கொண்டார். கறியை எனக்குத் தந்தார், பகிடியைத் தான் வைத்துக்கொண்டார்.

நான் மறுபடி கடைக்குப் போனேன். நோ முன்பைவிடக் குறைந்திருந்தது, இல்லாமல் போகவில்லை. போகாது, அடக்கி வைத்திருக்கலாம் என்றுதான் டொக்டர் அம்மாவும் சொன்னார். மூன்று மாதம் கழித்து ஒருநாள், கையில் ஒரு பார்சலோடு சின்னம்மா கடைக்குள் வந்தார். வெள்ளையில் நீலக்கரை. அம்மாவிடம் சொல்லி அலுமாரியைத் திறந்து எடுத்திருக்கிறார்.

"ஐயா, இது செத்தவளுக்கு எடுத்த சேலை. நான் சாகேல்லை. மாத்தி நிறத்தில ஒண்டு தாங்கோ. வெள்ளை எனக்கு ஒருநாளும் பிடியாது" என்றார்.

கடை முழுதும் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். "அம்மாவுக்குக் கதிரையைப் போடு. வெட்டின உடம்பு" என்று என்னிடம் சொன்னார். சிவப்பு மெத்தைக் கதிரைகளில் ஒன்றை நான் இழுத்து வைத்தேன். கழுவியதில் ஒரு மூலை வெளிறிப்போன கதிரை அது. சின்னம்மா இருந்தார். நான் முன்னால் நின்று, தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து விரித்தேன். அன்று எனக்கு இரண்டாம் நாள். நாலாவது சேலையை விரிக்கும்போது மேசை விளிம்பைக் கொஞ்சம் பிடித்தேன். ஒருவரும் கண்டிருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

சின்னம்மா எழும்பினார். கதிரையை என் பக்கம் தள்ளினார்.

"கொஞ்சம் இரன் பிள்ளை."

அவர் மெதுவாகச் சொல்லவில்லை. கடையில் நின்ற பெண்கள் திரும்பினார்கள். மூத்த அக்கா மடித்த சேலையைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். முதலாளி தலையைத் திருப்பி வீதியைப் பார்த்தார். அப்போதுதான், அன்றைக்கு அவரும் அந்தப் பிளாஸ்ரரைக் கண்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. நான் இருந்திருந்தால் அவர் தடுத்திருக்கமாட்டார். இரண்டு எட்டு வைத்தால் கதிரை.

"எனக்கென்ன சின்னம்மா? நான் நல்லாத்தானே இருக்கிறன். நீங்கள்தான் வெட்டின ஆள், இருங்கோ" என்று சிரித்துக்கொண்டு அடுத்த சேலையை அவிழ்த்தேன்.

சின்னம்மா கொஞ்சநேரம் நின்றார். பிறகு எனக்காக மறுபடியும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அந்தக் கதிரையில் இருந்தார்.